பறிப்பது பாதி, பக்குவம் பாதி

1861-ஆம் ஆண்டின் நடுவில், ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக் கரையில் ராபர்ட் பர்க், வில்லியம் வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் இறந்துபோனார்கள். தெற்கே மெல்போர்னிலிருந்து கிளம்பி, கண்டத்தைக் குறுக்கே கடந்து வடகடலோரம் வரை போய்த் திரும்பியவர்கள். கொண்டுவந்த உணவு தீர்ந்தபின் அந்தக் கரையில் அவர்கள் நம்பியிருந்தது நார்டூ என்ற செடியை. ஈரமண்ணில் படரும், நான்கு சிற்றிலை கொண்ட பெரணி அது. அதன் அடியில் பயறு அளவுக்குக் கெட்டியான உறைகள் இருக்கும். அவற்றை இடித்து மாவாக்கித் தின்றார்கள். பசி அடங்குகிறது, உடம்பு மட்டும் நாளுக்கு நாள் ஓய்ந்துகொண்டே போகிறது என்று வில்ஸ் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அதே கரையில் யாண்ட்ருவாந்தா என்ற பூர்வகுடி மக்கள் அதே நார்டூவைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று நன்றாகவே வாழ்ந்தார்கள். பயணக்குழுவின் மூன்றாமவர் ஜான் கிங் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். செப்டம்பரில் ஆட்கள் வந்து மீட்கும்வரை அவர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். அந்தச் சத்து இல்லாவிட்டால் கைகால் தளர்ந்து பெரிபெரி நோய் வரும். யாண்ட்ருவாந்தா மக்கள் நிறைய நீர் விட்டு அரைத்து, கூழாகக் கரைத்துக் குடித்ததால் நொதியின் வேகம் தணிந்திருக்கும். பயணிகள் அப்படிச் செய்யாததுதான் அவர்களை வீழ்த்தியது என்பது பிற்கால ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். செடி எது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டது. பக்குவம் கூடவே போய்ச் சேரவில்லை.

நம் வயல் வரப்பிலும் குளத்தோரத்திலும் படர்ந்து கிடக்கும் ஆரைக்கீரை இந்த நார்டூவுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் மார்சீலியா என்ற ஒரே பேரினம். அவர்கள் உறையை இடித்தார்கள். நாம் இலையை ஆய்ந்து, பருப்போடு எப்போதாவது ஒருநாள் கடைகிறோம்.

தானாக முளைக்கும் கீரைகளைப் பற்றி இன்றைக்கு நிறையப் பேசுகிறார்கள். எந்தக் கீரை எந்த நோய்க்கு நல்லது என்ற பட்டியல் கைப்பேசிக்குக் கைப்பேசி வந்து விழுகிறது. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காத ஒன்று, அந்தச் செடியை என்ன செய்து தின்ன வேண்டும் என்பது. நீரை வடிப்பதா, புளி விடுவதா, மோரில் ஊறவைப்பதா, எவ்வளவு தின்பது, யார் தின்னக்கூடாது? இவை ருசிக்காக மட்டும் வந்த வழக்கங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காரியத்தைச் செய்கிறது. அந்தக் காரியம் என்ன என்று தெரிந்துகொண்டால், எந்தப் படியைத் தாண்டலாம், எதைத் தாண்டக்கூடாது என்பதும் புரிந்துவிடும்.

ஒரே கீரை, மூன்று அடுப்புகள்

வேளைக்கீரையை எடுத்துக்கொள்வோம். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணனின் வறுமை வருகிறது. வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உண்கிறாள். உழாமல் விதைக்காமல் கிடைக்கும் உணவின்மேல் ஒட்டிய கூச்சம் அவ்வளவு பழையது. அந்தக் கூச்சம்தான் எத்தனையோ கீரைகளை நம் இலையிலிருந்து விரட்டியது என்று நான் நினைக்கிறேன்.

நல்வேளை என்று நாம் சொல்லும் செடி மழைக்குப்பின் வெட்டவெளியில் எங்கும் வரும். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை, வெள்ளைப் பூ, பூவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட மகரந்தத் தாள்கள். அதன் பங்காளியான நாய்வேளைக்கு மஞ்சள் பூ. தொட்டால் கையில் பிசுபிசுக்கும். நல்வேளை இலையைக் கசக்கினால் கடுகும் முள்ளங்கியும் கலந்த நெடி வரும். காரணம், கடுகுக்குக் காரம் தரும் அதே வகைக் கந்தகப் பொருள்கள் இதிலும் இருக்கின்றன. கசப்பும் துவர்ப்பும் வேறு சேர்ந்திருக்கும்.

இதே செடி கென்யாவில் சந்தைக்கு வரும் கீரை. அங்கே நன்றாக வேகவைத்து, பால் ஊற்றிச் சுண்டவிட்டு, பல வீடுகளில் ஒரு இரவு வைத்திருந்துதான் பரிமாறுகிறார்கள். பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் கசப்பு நாக்கில் உறைப்பதில்லை. தாய்லாந்தில் இதே கீரையை உப்பும் அரிசி கழுவிய நீரும் விட்டுச் சில நாள் புளிக்கவைத்து ஊறுகாயாகத் தின்கிறார்கள். புளிக்கும்போது அந்தக் கந்தகப் பொருள்கள் உடைந்து, காரம் போய்ப் புளிப்பு வருகிறது. நம் வீடுகளில் கொதித்த நீரை வடித்துவிட்டுப் பருப்போடு சேர்ப்போம், அல்லது புளி விட்டுக் கடைவோம். தண்ணீரில் கரையும் கசப்பு வடிநீரோடு போகிறது. மிச்சத்தைப் பருப்பும் புளியும் சமாளிக்கின்றன.

மூன்று நாட்டுப் பெண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரே செடிக்கு மூன்று வழி கண்டிருக்கிறார்கள். மூன்றிலும் பச்சையாகத் தின்னும் வழி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் அடையாளம்

பக்குவத்துக்குப் போகுமுன் அடையாளத்தைச் சொல்லியாக வேண்டும்; இங்கே தவறினால் எந்தப் பக்குவமும் காப்பாற்றாது. ஒரு செடியை இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்டு, இலை அமைப்பு, பூ, காய், மணம், முளைத்திருக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முடக்கத்தானுக்குக் காற்றடைத்த பை போன்ற காயும், அதனுள் வெள்ளை இதயக்குறி பதிந்த கருவிதையும் சாட்சி. தூதுவளைக்கு வளைந்த முள்ளும் ஊதாப் பூவும். பண்ணைக்கீரைக்கு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிமிர்ந்து நிற்கும் பூங்கதிர். ஒரு செடியை முளை முதல் விதை வரை ஒரு பருவம் முழுதும் பார்த்திருந்தால்தான் அது உங்களுக்குத் தெரிந்த செடி. அதற்கு முன்னால், தெரிந்தவர் கூட இருக்கும்போது மட்டும் பறியுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

கிழங்கு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்போம். அதிலுள்ள கால்சிசின் உயிரைப் பறிக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் இங்கேயும் இலங்கையிலும் உண்டு. கொடி இருக்கும்போது குழப்பமே இல்லை: இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும், வேறு எந்தக் கிழங்குக் கொடியிலும் அதைப் பார்க்க முடியாது. கொடி காய்ந்து உதிர்ந்தபின் மண்ணில் தட்டுப்படும் கிழங்குதான் ஏமாற்றும். கொடியைக் கண்ணால் பார்க்காமல் தோண்டிய கிழங்கு எதுவாக இருந்தாலும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

பறவை கொத்தினால் மனிதரும் தின்னலாம் என்பது பரவலான நம்பிக்கை. குயில் மஞ்சள் அரளியின் பழத்தை ஆசையாகத் தின்னும். அதே அரளியின் கொட்டை மனிதரின் இதயத்தை நிறுத்திவிடும். ஆடு மேய்ந்தால் நல்லது என்பதும் அப்படித்தான். காளானோடு வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்து, காசு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்று சொல்வதில் துளியும் உண்மை இல்லை. புற்றில் முளைக்கும் காளானைப் பிறந்ததிலிருந்து பறித்துப் பழகியவர்கள் பறிக்கட்டும். மற்றவர்கள் காளானைக் கடையில் வாங்குவதே சரி. தின்றபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். தின்ற செடியில் ஒரு துண்டைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அரிப்பு, கசப்பு, நஞ்சு

பிரண்டையைப் பச்சையாக வாயில் வைத்தவர்களுக்கு அது மறக்காது. நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கும். பிரண்டைத் தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிகள் தோலிலும் தொண்டையிலும் குத்துவதுதான் அரிப்பு. சேனையும் சேம்பும் அரிப்பதும் இதனால்தான்.

பாட்டிமார் பிரண்டையை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் விளங்கும். கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும், நார் இழுத்துக்கொண்டு வந்தால் முற்றல், அதைத் தள்ளிவிடுவார்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். கணுவை நறுக்கி எறிந்துவிட்டு, நாலு விளிம்பிலும் ஓடும் நாரைக் கத்தியால் கிள்ளி உரிப்பார்கள். பொடியாக அரிந்து, எண்ணெய் தாராளமாக விட்டு, பச்சை நிறம் மாறித் துண்டு சுருங்கும்வரை பொறுமையாக வதக்குவார்கள். பிறகு வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், நல்ல அளவு புளி சேர்த்துத் துவையல். இதில் நிறையப்பேர் அவசரப்படும் இடம் வதக்கல். அடுப்பில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தால் தொண்டையில் அரை நாள் கொடுக்க வேண்டியிருக்கும். புளியைக் குறைப்பதும் அப்படித்தான்.

கீரைகளில் இருக்கும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி நீரில் கரையும். பருப்புக்கீரையிலும் குப்பைக்கீரையிலும் இது கூடுதல். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைக் கொதிக்கும் நீரில் போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது. அதற்கும் மேல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வாரம் ஒருமுறை இருமுறை தின்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பருப்புக்கீரையில் கீரைகளில் அரிதான ஒமேகா-3 கொழுப்பும் இருக்கிறது. வரப்பில் காலடியில் மிதிபடும் செடி அது.

கசப்பை நீரில் இறக்கும் வழிக்கு யாழ்ப்பாணத்து ஒடியலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பனங்கொட்டையைப் புதைத்து எடுத்த கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அப்படியே மென்று தின்னலாம். அவிக்காமல் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். இரண்டும் வருடக்கணக்கில் கெடாது. ஆனால் ஒடியலை இடித்த மாவில் ஒரு கைப்பு இருக்கும், அதை அப்படியே சமைக்க மாட்டார்கள். மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை இறுத்து ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை எடுத்துத்தான் கூழுக்குக் கரைப்பார்கள். பிறகு மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, புளி, அரைத்த மிளகாய் எல்லாம் சேர்ந்து கொதிக்கும் ஒடியற்கூழின் சுவையைச் சாப்பிட்டவர்களிடம் கேளுங்கள். அவ்வளவு சாமான்களில் மிக முக்கியமானது, கொட்டிவிட்ட அந்தத் தண்ணீர்.

மணத்தக்காளி என்றால் நஞ்சைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேல்நாட்டு நூல்கள் பலவற்றில் இந்தச் செடிவகை நஞ்சுப் பட்டியலில் இருக்கிறது. நமக்கோ வாய்ப்புண்ணுக்கு முதல் கீரை. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. இதன் பச்சைக் காயில் சோலனின் வகை நஞ்சு உண்டு. பழுக்கப் பழுக்கக் குறையும். இனத்துக்கு இனம் அளவு வேறுபடும், நம் ஊரில் கீரையாக வளர்வது சாதுவான வகை. கறுத்தோ சிவந்தோ நன்றாகக் கனிந்த பழத்தைப் பிள்ளைகள் தின்னலாம். பச்சைக் காயைப் பறித்தவுடன் வாயில் போடக்கூடாது. அது மோரிலும் வெயிலிலும் கிடந்து, எண்ணெயில் பொரிந்து, வற்றல்குழம்பில் ஆளுக்கு ஒரு கரண்டி என்ற அளவில் வர வேண்டியது. அந்த அளவும் பக்குவத்தில் சேர்ந்ததுதான். மருந்து என்று கேள்விப்பட்டு எதையும் குவளை குவளையாகச் சாறு பிழிந்து குடிப்பது நம் சமையலில் இல்லாத பழக்கம். அதை இப்போது புதிதாகத் தொடங்க வேண்டாம்.

வெயிலில் என்ன நடக்கிறது

சுண்டைக்காய் வற்றலை எல்லா வீட்டிலும் தின்கிறோம். போடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். சுண்டை நம் வேலியிலும் மலையடிவாரத்திலும் அவ்வளவு இயல்பாக வளர்கிறது, ஆனாலும் அதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்கிறது தாவரவியல். வந்த செடியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது நம் மோர்ச்சட்டி.

மாசி, பங்குனி வெயில் இதற்குத் தோது. காய் முழுசாக வளர்ந்து, மஞ்சளாகத் திரும்புமுன் பறிக்க வேண்டும். காம்பு ஆய்ந்து, ஒவ்வொரு காயையும் குழவியாலோ மரக்கட்டையாலோ ஒரு தட்டுத் தட்டி வாய் பிளக்கச் செய்யுங்கள். நசுங்கிக் கூழாகக் கூடாது. நீரில் அலசினால் விதையில் பாதி வெளியேறும்; கசப்பும் கொஞ்சம் இறங்கும். ஒரு கிலோ காய்க்கு ஒரு லிட்டர் நல்ல புளித்த கெட்டிமோர், 100 கிராம் கல்லுப்பு. மண்சட்டியிலோ ஜாடியிலோ இரவு முழுக்க ஊறட்டும். காலையில் காயை மட்டும் வடித்தெடுத்துப் பாயில் பரப்புங்கள். சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். இப்படி மூன்று நான்கு நாளில் மோர் வற்றிக் காயோடு போய்விடும். அதன்பின் காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில்.

ஏன் இத்தனை சுற்று? சுண்டைக்காயின் தோல் தடிமன். அப்படியே வெயிலில் போட்டால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அழுகும். தட்டுவது அந்த ஈரத்துக்கு வழி விடுகிறது. முழுதாகக் காய ஒரு வாரம் ஆகும், அந்த வாரத்தில்தான் பூஞ்சையும் கிருமியும் வந்து குடியேறும். மோரின் புளிப்பும் உப்பும் அதுவரை காவல் நிற்கின்றன. உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. பகல் வெயில் அந்த நீரை ஆவியாக்குகிறது. ஈரம் இழந்து வாடிய காய் சாயங்காலம் மோரில் விழுந்ததும் உப்பையும் புளிப்பையும் முந்தைய நாளைவிட ஆழமாக உறிஞ்சிக்கொள்கிறது. மோரின் புரதம், கென்யப் பால் கீரைக்குச் செய்வதைப்போலத் துவர்ப்பைத் தணிக்கிறது. கடைசியில் கிருமி வளர்வதற்கான நீரே காயில் மிஞ்சாது. அதனால்தான் ஒரு வருடம் ஜாடியில் இருக்கிறது. இரவில் மோரில் போடச் சோம்பல்பட்டு, ஒரே நாள் ஊறவைத்துக் காயவைத்தால் தோலில் மட்டும் உப்பு இருக்கும். மழைக்காலம் வந்ததும் அந்த வற்றல்தான் முதலில் பூசணம் பிடிக்கும்.

வற்றலில் பூசணம் தெரிந்தால் தட்டிவிட்டு மறுபடி காயவைக்காதீர்கள். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு, வெயிலுக்கோ எண்ணெய்ச் சூட்டுக்கோ போகாது. ஜாடியோடு கொட்டிவிட வேண்டும். பூசணம் இல்லாமல் வெறுமனே நமுத்திருந்தால் வெயில் போதும்.

இலையைக் காயவைப்பது வேறு கணக்கு. முடக்கத்தான், தூதுவளை போன்றவற்றைப் பொடி செய்து வைத்துக்கொள்ள நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயில் இலையின் பச்சையையும், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினையும் சிதைத்துவிடும். காற்றோட்டம் இருந்தால் மெல்லிய இலைக்கு நிழலே போதும். வேப்பம்பூவுக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை: பங்குனி, சித்திரையில் மரத்தடியில் வேட்டியை விரித்துவிட்டால் விடியற்காலைக்குள் பூ உதிர்ந்து கிடக்கும். தூசி புடைத்துக் காயவைத்து டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

பழத்தைப் பாதுகாக்கும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது இலந்தை வடை. புளிப்பும் இனிப்புமாகப் பழுத்த இலந்தைப்பழத்தைக் கொட்டையோடு உரலில் போட்டு, காய்ந்த மிளகாய், புளி, உப்பு, பெருங்காயம் சேர்த்து இடிக்க வேண்டும். வெல்லம் சேர்ப்பவர்களும் உண்டு. வடை வடையாகத் தட்டி வெயிலில் காயவைத்தால் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேரும். பழத்தின் சொந்தப் புளிப்பு, புளி, உப்பு, வெயில் எல்லாம் சேர்ந்து அதைக் கெடாமல் வைக்கின்றன.

ஊறுகாய், தொக்கு போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே நிற்கும் எண்ணெய்தான் கெடாமல் காக்கிறது என்று நாம் நம்புகிறோம். எண்ணெய் கிருமியைக் கொல்வதில்லை, காற்றை மட்டும் தடுக்கிறது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் என்ற கிருமிக்கு அது வசதிகூட. அந்தக் கிருமியை நிறுத்துவது புளிப்பு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் எண் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவு அறிவியலின் கணக்கு. புளியும் எலுமிச்சையும் தாராளமாக இருக்கும் ஊறுகாய் இதற்குள் வந்துவிடும். ஆகவே பிரண்டைத் தொக்கில் புளியைக் குறைத்துக்கொண்டு எண்ணெயைக் கூட்டினால், அதை பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

காத்திருக்காத காய்

எல்லாவற்றையும் சேமித்துவிட முடியாது. விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு அதலைக்காய் காய்க்கும். பாகல் குடும்பம், சுண்டுவிரல் அளவுகூட இருக்காது, மேலே வரிவரியாக இருக்கும், கசப்பும் பாகலுக்குத் தம்பிதான். யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு தூங்கிக்கொண்டிருந்து மழை கண்டதும் கொடி விடுகிறது. பறித்த காய் அன்றைக்கே சட்டிக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் வெடித்து விதையைக் கொட்டிவிடும். “இன்னைக்கே ஆக்கிருங்க தாயி, நாளைக்குன்னா வாய் பிளந்துரும்” என்று சொல்லித்தான் சந்தையில் அளந்து போடுவார்கள். இரண்டு முனையையும் கிள்ளி, சின்ன வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் சுருள வதக்கினால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். இப்படிக் காத்திருக்க மறுப்பதால்தான் அது பெரிய நகரத்துக் கடைகளுக்கு வந்து சேர்வதில்லை. கரிசலுக்குப் போகிறவர்கள் அந்தப் பருவத்தில் போங்கள்.

எவ்வளவு பறிப்பது, எங்கே பறிப்பது

கீரை கிள்ளினால் செடி துளிர்க்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். மாகாளிக்கிழங்கின் கதை அதுதான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வளரும் கொடி. அதன் வேரைத்தான் கிழங்கு என்கிறோம். தோல் சீவி, நடுவிலுள்ள கட்டையை உருவிவிட்டு, மெல்லிசாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் கலந்த மோரில் ஊறவைத்தால் தஞ்சை வீடுகளில் தயிர்சாதத்துக்கு ஈடுசொல்ல முடியாத ஊறுகாய். அதன் வாசனை சிலருக்குப் பிடிக்கும், சிலர் ஓடிவிடுவார்கள். வெனிலா வாசனை தரும் வேதிப்பொருளின் இரட்டைப்பிறவிதான் அதில் மணப்பது. அணுக்கள் அவையே, அடுக்கி இருப்பது மட்டும் வேறு. ஊறுகாய்க்கும் மருந்துக்கும் சர்பத்துக்கும் என்று வேரோடு அகழ்ந்ததில் காட்டில் இந்தக் கொடி அருகிவிட்டது. நானும் அந்த ஊறுகாயை விரும்பித் தின்பவன். ஆனாலும், தோட்டத்தில் பயிரிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

மலையில் கிழங்கெடுத்து வாழ்ந்தவர்களுக்கு இந்த நிதானம் உண்டு. வள்ளிக்கிழங்கை எடுக்கும்போது கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மறுபடி குழியில் வைத்து மண் தள்ளிவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்கு அது திரும்பக் கிழங்கு விடும். கபிலர் பாரியின் பறம்புமலையைப் பற்றி, உழாமலே விளையும் நான்கு என்று மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றைப் புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் கணக்குச் சொல்கிறார். முற்றுகையிட்ட வேந்தர்களுக்கு அவர் காட்டிய பலம் அது. உழாமல் விளைவது திரும்பத் திரும்ப விளைய வேண்டுமானால் குழியை மூடிவிட்டு வரும் கை வேண்டும். இன்று காட்டில் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமை வனத்தில் வாழும் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உண்டு. நகரத்திலிருந்து காரில் போகும் நமக்கு காப்புக்காட்டில் அந்த உரிமை இல்லை. நம் எல்லை வயலும் வேலியும் தோட்டமும்தான். அதற்குள்ளேயே தேவைக்கு மேல் இருக்கிறது.

எங்கே பறிக்கக்கூடாது என்பது இன்றைக்குப் பழைய காலத்தைவிட முக்கியம். சாக்கடை ஓரத்துப் பொன்னாங்கண்ணி கொழுகொழுவென்று இருக்கும். கழிவுநீரிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் கீரைகள் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். எவ்வளவு அலசினாலும், வேகவைத்தாலும் அவை போகா. நெடுஞ்சாலை ஓரம், தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால், குப்பை எரித்த இடம், நாய்கள் புழங்கும் மூலை எல்லாம் வேண்டாம்.

வயலும் முன்போல் இல்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் வீட்டுக்கு வந்தது களையெடுக்கும் பெண்களின் மடியில்தான். சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் களை பிடுங்கிய கை, தின்னக்கூடியதைத் தனியே ஒதுக்கி முந்தானையில் கட்டிக்கொள்ளும். சாயங்காலம் அதுதான் குழம்பு. களைக்கொல்லி வந்தபின் அந்தக் களையெடுப்பும் குறைந்தது, கீரையும் கருகியது. ஒரு வயலில் கீரை பச்சையாக நிற்பதாலேயே அது சுத்தம் என்று ஆகிவிடாது. நேற்று மருந்தடித்திருந்தால் கருக இன்னும் சில நாள் ஆகும். “எப்போ மருந்தடிச்சீங்க அண்ணே?” என்று வயல்காரரைக் கேட்காமல் ஒரு கிள்ளுகூடக் கிள்ளாதீர்கள். அவர் சொல்ல யோசித்தால் வேறு வயலுக்குப் போங்கள்.

இவ்வளவு பார்க்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தோட்டத்தில், இல்லையென்றால் மாடியில் இரண்டு அகலத் தொட்டியில், களை என்று பிடுங்காமல் விட்டுவைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் தாமாகவே வந்துவிடும். தெரிந்தவர் வயலிலிருந்து பண்ணைக்கீரைக் கதிர் ஒன்றும், முடக்கத்தான் காய் நாலும் வாங்கி உதறுங்கள். பூவெடுக்குமுன் நுனியைக் கிள்ளிச் சமையுங்கள். முற்றிய இலையில் நாரும் கசப்பும் ஏறிவிடும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு செடியை மட்டும் கிள்ளாமல் விதைக்கு விடுங்கள். அந்தச் செடிகள் காய்ந்ததும் அங்கேயே உதிர்த்துவிட்டால் ஐப்பசியில் மழை விழுந்த சில நாள்களில் முளைத்து நிற்கும். பிள்ளைகளை அப்போது கூட்டிப்போய் முளையிலிருந்தே காட்டுங்கள். எது என்று அவர்கள் கண்டுபிடித்தபின், அடுப்படிக்கும் கூட்டிவாருங்கள்.